சர்க்கார் போட்டுக் கொடுத்த களம்

டிப்ளமா படித்தவனுக்குச் சாலை போடத் தெரியும். அந்தச் சாலையில் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரியாது. இந்த ஞானம் எனக்குக் குப்புற விழுந்துதான் கிடைத்தது.

எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகும் சாலையைப் புதுப்பிக்கும் வேலையில் நான் தற்காலிக இன்ஸ்பெக்டர். (சொந்த ஊர் பாளையங்கோட்டை. விவசாயத்தை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.) வேலையில் சேர்ந்த சூட்டோடு சாலை முழுக்க ஜல்லியைப் பரப்பிவிட்டேன். தினமும் காலையில் டவுனுக்குத் தறி வேலைக்குப் போகிற நாற்பது சைக்கிள்காரர்கள் அதில் சைக்கிளை உருட்டிக்கொண்டே போய், எட்டு மணிக்குத் தறிக்கூடத்தின் கதவைப் பூட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். மேலிடத்துக்கு மனு பறந்தது.

பொறியாளர் என்னைக் கூப்பிட்டார். "சைக்கிளுக்கு வழி விட்டுட்டு வேலை பாரு. வெள்ளிக்கிழமை காலைல நானே வருவேன். இன்னொரு புகார் வந்தா நீ ஊருக்குப் பொட்டியக் கட்டலாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சாலையோரமாக நாலடி அகலத்தில் ஒரு பாதை ஒதுக்கினேன். கல் பொறுக்கி, பெருக்கி, தண்ணீர் தெளித்து, ரோலரை விட்டு நைஸாக உருட்டினேன். அப்படியும் புழுதி பறந்ததால் சாணியைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னேன். கூலியாட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் மூளையை மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அது தை மாதம். உளுந்து அறுப்பு.

வெள்ளிக்கிழமை காலை போய்ப் பார்த்தால், பாதையைக் காணோம். இரண்டு பர்லாங்கு தூரத்துக்கு உளுந்தஞ்செடி முழங்கால் உயரம் கிடந்தது. பெண்கள் அதைக் கம்பால் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இதையெல்லாம் இங்க போட்டது?" என்று கத்தினேன்.

பேச்சியம்மாள் என்ற அம்மாள் வாயெல்லாம் பல்லாக வந்தார். "நீங்க நல்லாருக்கணும் தம்பி! பெருக்கி, தண்ணி தெளிச்சு, உருட்டி, சாணியும் தெளிச்சுத் தந்திருக்கியளே. நாங்க களம் போடுததும் இப்படித்தான். சர்க்கார்ல இதுவரைக்கும் யாரு செஞ்சா?"

அதற்குள் நாற்பது சைக்கிள்களும் வந்து நின்றன. பின்னாலேயே பொறியாளரின் ஜீப். சைக்கிள்காரர்களில் மூத்தவரான ஞானதுரை அண்ணாச்சி கடிகாரத்தைக் காட்டினார். "தம்பி, மணி ஏழே காலு. இன்னைக்கும் கதவடச்சிட்டான்னா அடுத்த மனு எழுதிருவோம், ஆமா."

வேலை போய்விடும் என்ற பயத்தில் எனக்குப் புத்தி மட்டுப்பட்டுவிட்டது. "இது மேலேயே ஓட்டலாம் அண்ணாச்சி. நான் ஓட்டிக் காட்டுதேன்" என்று அவர் சைக்கிளைப் பிடுங்கி ஏறினேன்.

இருபதடி போயிருப்பேன். செடி செயினில் சுற்றியது. சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை. உளுந்துக் குவியலில் முகம் புதைய விழுந்தேன். மூக்கிலும் வாயிலும் செடியின் தூசும் பொட்டும். எழுந்திருக்கப் புரண்டேன்.

"எந்திரிக்காதிய தம்பி!" என்று பேச்சியம்மாள் ஓடிவந்தார். அடி பட்டுவிட்டதோ என்று பதறுகிறார் என்றுதான் நினைத்தேன். "அப்படியே இன்னும் ரெண்டு புரளு புரளுங்க. காய் நல்லா உதிருது!"

முதலில் சிரித்தவர் பொறியாளர். அப்புறம் நாற்பது பேரும். எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

அண்ணாச்சிதான் கைகொடுத்துத் தூக்கினார். "ஏலே, பாத்துக்கிட்டே நிக்கியளே. ஆளுக்கொரு அள்ளு அள்ளுங்க!" என்று சத்தம் போட்டார். நாற்பது பேர் அள்ளியதில் பத்தே நிமிடத்தில் பாதை வெளியே வந்தது. பேச்சியம்மாளிடமும் அவரே பேசி முடித்தார். எட்டு மணி வரை சைக்கிளுக்கு, அப்புறம் சாயங்காலம் தறி வேலை விடும் வரை உளுந்துக்கு. அன்றைக்கு எல்லோரும் நேரத்துக்குத் தறியில் உட்கார்ந்தார்கள். மனு எழுதவில்லை. என் வேலையும் தப்பியது.

பொறியாளர் ஜீப்பில் ஏறும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "இனிமே சாணி தெளிக்காத."

என் கல்யாணத்துக்கு வந்த ஆபீஸ்காரர்கள் இதை என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தார்கள். இன்று வரை நான் வாசலில் விளக்குமாற்றை எடுத்தால் போதும், உள்ளேயிருந்து அவள் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுப்பாள்: "ஏட்டி, இங்கன களம் ரெடியாகுது. காயப்போட எதுவும் கிடந்தா கொண்டா!"

போன வாரம் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் நிஜமாகவே ஒரு சாக்கு வத்தலைக் கொண்டுவந்து வாசல் முழுக்கப் பரப்பிவிட்டாள். நான் விளக்குமாற்றை வைத்துவிட்டுக் கொல்லைப்புற வழியாக வெளியே போனேன்.