தாழ்ப்பாளும் நினைவு வளைவும்

“ஆபீசுக்குப் போனா ஒரே கோரிக்கையோட போங்க. ரெண்டாவது ஒண்ணு வாயில வந்துச்சுன்னா…” என்று மேடைதோறும் முழங்குவார் மாஜி ஊராட்சித் தலைவர் ரத்தினவேல். வந்தால் என்னாகும் என்று அவர் சொல்வதற்குள் கைதட்டல் கிளம்பிவிடும். அதனால் சோலையப்பனுக்கு முற்பாதிதான் ஞாபகம்.

அவருடைய கோரிக்கையும் ஒன்றேதான். ஊர்ப் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள். ஏழாவது படிக்கும் மகள் சுபா, கதவைப் பிடித்துக்கொள்ளத் தோழி வராத நாளில் சாயங்காலம்வரை தண்ணீர் குடிப்பதில்லை. ஆலங்குடிக் கடைவீதியில் தாழ்ப்பாளே வாங்கிவிட்டார். அரசுச் சொத்தில் அனுமதியின்றி ஆணி அடிக்கலாகாது என்று தலைமையாசிரியை தடுத்துவிட்டதால், பெற்றோர் குழுத் தலைவர் என்ற முறையில் ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்.

பொறியாளர் ரகுநாத் நேரில் வந்து, மேற்படி கதவைத் தட்டிப் பார்த்தார்.

“தாழ்ப்பாள் தாராளமாப் போடலாங்க. கதவு தாங்காது.”

“அப்பக் கதவ மாத்துங்க.”

“நிலை தாங்காது. நிலையப் பேத்தா சுவரு நிக்காது. சுவரும் போயிட்டா அப்புறம் என்னங்க இருக்கு? புதுசாவே கட்டிரலாம். ஆனா ஒத்தைக் கழிப்பறைக்குத் திட்டம் கெடையாது. எட்டுக்குத்தான் உண்டு.”

எட்டு என்றால் தண்ணீர்த் தொட்டி வேண்டும். தொட்டி என்றால் அதில் ஓவியம் வேண்டும். ஊர்க்கூட்டத்தில், “கட்டுறதே கட்டுறாக, அங்கிட்டு ஒரு மேடை” என்றார் ஒருவர். “இங்கிட்டு செல்ஃபி எடுக்க ஒரு எடம்” என்றார்கள் இளைஞர்கள். சோலையப்பனும் மனிதர்தானே! தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்கய்யா பெரியகருப்பன் பேருல ஒரு வளைவு” என்றார். ஏகமனதாக நிறைவேறியது.

பழைய கழிப்பறை மறுநாளே இடிக்கப்பட்டது. பதினான்கு மாதம் சுபா மதியச் சோற்றை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து போனாள்.

திறப்பு விழாவன்று மாலை, நாதஸ்வரம் ஓய்ந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவள் உடனே வெளியே வந்தாள்.

“அப்பா, தாழ்ப்பாளே இல்லப்பா.”

ரகுநாத் கோப்பைப் புரட்டினார். “நீங்க பழைய கதவுக்குத்தானங்க கேட்டிருக்கீங்க? அந்தக் கதவுதான் இல்லையே. கோரிக்கை முடிச்சு வைக்கப்பட்டாச்சு. புதுக் கதவுக்குப் புது மனுக் குடுங்க.”

“நாமளே அடிச்சிரலாமுல்ல?”

“ஆணி பட்டா கான்ட்ராக்டரு உத்தரவாதம் போயிருங்க.”

சோலையப்பன் வளைவின் கீழே உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“தாழ்ப்பாள மட்டும் எழுதுங்கப்பா” என்றாள் சுபா.

“அத மட்டுந்தான் ஆத்தா எழுதுறேன்.”

நிமிர்ந்து பார்த்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வளைவில் அய்யாவின் பெயர் மங்கலாகத் தெரிந்தது.

எழுதுவதே எழுதுகிறோம், கூடவே வளைவுக்கு ஒரு விளக்கும் கேட்பது என்று முடிவு செய்தார்.