பக்கிள் வைத்த கட்டி

பணி ஓய்வு பெறும் நாளில் சாவிக்கொத்து, அடையாள அட்டை எல்லாவற்றையும் மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். அறிவுரைகளை மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. இந்த நிர்வாகக் கோளாறினால்தான் போடி ஸ்கேன் சென்டர் ஒன்றில் என் மானம் சிரிப்பாய்ச் சிரித்தது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் எக்ஸ்ரே எடுத்துப் பிழைத்தவன். பிலிமை இருட்டறையில் கழுவிக் காயப்போட்ட காலத்து ஆள். கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை, நானேதான் எழுந்து சொல்கிறேன் என்பது என் மனைவியின் வாக்குமூலம்.) மற்றவர்கள் ஓய்வு பெற்றதும் காசிக்குப் போவார்கள். நான் சொந்தக் காசில், கதிரைத் தடுக்கும் ஓர் ஈய ஏப்ரன் வாங்கினேன். இடுப்பில் பக்கிள் போட்டுக் கட்டும் அரை ஏப்ரன்தான், ஆனாலும் ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். எதற்கு என்று கேட்டவர்களிடம், சமயத்துக்கு உதவும் என்றேன்.

சமயம் வந்தது. என் மகளின் மாமனார் பெருமாள், போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர். மழையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது வழுக்கி, இடுப்பு அடிபட விழுந்துவிட்டார். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மனிதர் மாட்டேன் என்றுவிட்டார். காரணம் நான்தான். நிச்சயதார்த்தப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, கதிர் உடம்பை என்னவெல்லாம் செய்யும் என்று சாம்பாரில் ஆரம்பித்து ரசம் வரை வகுப்பெடுத்திருந்தேன். அன்று அவர் மோர் சாதமே வேண்டாம் என்று எழுந்து போனவர்.

மகள் போன் செய்தாள். “பயங்காட்டுனது நீங்கதானப்பா. நீங்களே கூட்டிட்டுப் போங்க. காய் எடுக்குற நேரம்னு மாமா நொண்டிக்கிட்டே மலையில ஏறி எறங்குறாரு.”

எலும்பில் கீறல் இருந்தால், இப்படி நடந்தே அதை முறிவாக்கிவிடுவார். என் ஊர் ராசிங்காபுரத்திலிருந்து போனிலேயே அவருக்கு வாக்குக் கொடுத்தேன். “சம்பந்தி, தேவைக்கு மேல ஒரு சொட்டுக் கதிர் உங்க மேல விழாது. நான் கூட இருக்கேன்ல?”

“நீங்க இருக்கீகன்னுதான் வர்றேன்” என்றார்.

சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் கூட வந்தார்கள். ஸ்கேன் சென்டரில் புது டிஜிட்டல் இயந்திரம். அதை இயக்குபவர் கல்பனா என்ற இளம்பெண். என் பணி வரலாற்றைச் சுருக்கமாக (என் கணக்கில்) சொல்லிவிட்டு, பையிலிருந்து ஏப்ரனை உருவினேன்.

“அது வேணாம் சார். இப்ப நோயாளிக்கு அதெல்லாம் போடுறதில்ல. இந்த மெஷின்ல டோஸே கம்மி. போதும்னதும் அதுவே நிறுத்திக்கிரும்.”

“நாங்க எடுக்காத எக்ஸ்ரேயாம்மா?”

“நீங்க எடுத்தது வேற மெஷின் சார்.”

விதி தெரியாத தலைமுறை என்று மனதுக்குள் ஒரு மெமோ கொடுத்தேன். அவள் சம்பந்தியைச் சரியாகப் படுக்க வைத்துவிட்டு, பெயரைத் தட்டச்சு செய்யத் திரும்பினாள். நான் சம்பந்தியைப் பார்த்தேன். சம்பந்தி என்னைப் பார்த்தார். ஏப்ரன் அவர் வேட்டிக்குள் போயிற்று. மேலே போர்வையை இழுத்துவிட்டேன்.

“கனமா இருக்கே சம்பந்தி.”

“பாதுகாப்புன்னா கனமாத்தான் இருக்கும்.”

நாங்கள் பக்கத்து கன்ட்ரோல் அறைக்கு வந்ததும் கல்பனா பொத்தானை அமுக்கினாள். இயந்திரம் ‘ங்ங்’ என்று முனகியது. நெடுநேரம் முனகியது போலிருந்தது. அவள் நெற்றி சுருங்கியது. திரையில் இடுப்பெலும்பு இருக்க வேண்டிய இடத்தில், பளீரென்று ஒரு வெள்ளைப் பாறை.

வராந்தாப் பக்கம் பாதி திறந்திருந்த கதவு வழியே அதைப் பார்த்துவிட்டார் சம்பந்தியம்மா. “ஆத்தாடி, இம்புட்டுப் பெரிய கட்டியவா உள்ள வச்சுக்கிட்டுத் திரியுது இந்த மனுசன்?”

மாப்பிள்ளை மதுரையில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று யாருக்கோ போன் போட ஆரம்பித்துவிட்டார். உள்ளேயிருந்து சம்பந்தியின் குரல், “என்னடா அங்க சத்தம்? என்ன தெரியுது?”

“மாமா, நீங்க சொல்லுங்க, இது என்ன?” என்று மாப்பிள்ளை என் கையைப் பிடித்தார். அந்த நொடியே சொல்லியிருக்கலாம். முப்பது வருட சர்வீஸ் வந்து நாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. “பொறுங்க, பார்ப்போம்” என்றேன், நிபுணர் தோரணையில்.

கல்பனா படத்தைப் பெரிதாக்கினாள். தொடை ஓரமாகச் சதுரமாய் ஒன்று தெரிந்தது. நடுவில் ஒரு முள்.

“இந்தக் கட்டிக்குப் பக்கிள் இருக்கு” என்றாள்.

எல்லோரும் என் காலி பையைப் பார்த்தார்கள்.

பிறகு எனக்கு வகுப்பெடுக்கப்பட்டது. உடம்பைத் தாண்டி வரும் கதிரை அளந்து, படத்துக்குப் போதுமானதும் இயந்திரமே நிறுத்திக்கொள்ளும். குறுக்கே ஈயத்தை வைத்தால் ஒன்றும் வந்து சேராது. போதவில்லை என்று நினைத்து, தன்னால் ஆனமட்டும் கொட்டும். பயப்படுகிற அளவில்லை, ஆனால் அத்தனையும் வீண். படமும் மறுபடி எடுக்க வேண்டும். புது இயந்திரம் குறைத்த டோஸை, என் வாழ்நாள் அறிவு மொத்தத்தையும் திரட்டி நான் ஏற்றியிருந்தேன்.

சம்பந்தி எழுந்து உட்கார்ந்து, ஏப்ரனை உருவி என்னிடம் நீட்டினார். “வெளங்கிருச்சு. தோட்டத்து மோட்டாரு, டேங்க்கு ரொம்புனா தானா நிக்கும். நம்ம சம்பந்தி மிதவைய மேல எழும்ப விடாம புடிச்சுக்கிட்டு நின்னுருக்காரு.”

இனி இந்த மனிதர் ஜென்மத்துக்கும் எக்ஸ்ரேக்குப் படுக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டே ஏப்ரனைச் சுருட்டினேன்.

“இன்னொருக்கா படுக்குறேன்மா” என்றார் கல்பனாவிடம். “ஆனா சம்பந்தி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிரணும்.”

போனேன். எதிர் டீக்கடையில் ஏப்ரனோடு நின்றேன். “என்னண்ணே, ஜீப்பு சீட்டுக் கவரா?” என்றார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

டீயில் பாதி குடிப்பதற்குள் சம்பந்தி வாசலில் வந்து நின்று கையசைத்தார். “எலும்பு நல்லாருக்கு சம்பந்தி. வெறும் சதைப்பிடிப்புதானாம். நீங்க இல்லாம எடுத்ததால வெரசாத் தெரிஞ்சிருச்சு.”

இப்போதெல்லாம் நான் எதைப் பற்றியாவது கருத்துச் சொல்ல வாயெடுத்தால் (பேத்திக்குச் சளி மருந்தோ, பாயசத்துக்குச் சர்க்கரையோ), யாராவது ஒருவர் “பக்கிள் தெரியுது” என்பார். அடங்கிவிடுவேன்.

ஏப்ரன் தோட்டத்தில் இருக்கிறது. குரங்குகள் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தன. சம்பந்தி என்னிடமிருந்து ஏப்ரனை வாங்கிப் போய் மூடி மேல் விரித்துவிட்டார். போன மாதம் மேலே போனபோது, ஒரு குரங்கு அதை இழுத்துப் பார்த்துத் தோற்றுப் போனதை அவரே காட்டினார்.

“நீங்க சொன்னது சரிதான் சம்பந்தி” என்றார். “பாதுகாப்புன்னா கனமாத்தான் இருக்கும்.”