டிபன்ஸில் சீனிச்சாமி சார்

கையிலிருந்த கிராஃப் தாளை அபுபக்கர் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஸ்பெக்ட்ரோமீட்டர் பரிசோதனையின் கோடு அதில் அழகாக வளைந்து கிடந்தது. அப்படியானால் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கொடுத்தது எதை?

"ஏலே, ஆட்டத் தாளையா ஒட்டுன?" என்றான் பக்கத்திலிருந்த பொன்னுராஜ்.

ராஜபாளையத்துக் கல்லூரியில் அந்த 1991-ஆம் வருஷத்துக் கடைசி பெஞ்சு கண்டுபிடித்த ஆட்டம் அது. ஆளாளுக்கு ஒரு ஹேண்ட்பால் டீமுக்கு மேனேஜர். வீரர்கள் எல்லாம் வாத்தியார்கள். பந்து கையிலிருந்தால் அட்டாக்குக்கு ஆறு பேர், பறிபோனால் டிபன்ஸுக்கு வேறு ஆறு பேர். யாரை எங்கே நிறுத்துவது என்று கிராஃப் தாளில் காரணத்தோடு எழுதிவிட்டு இரண்டு பகடையை உருட்ட வேண்டும்; விழுவதுதான் கோல் கணக்கு.

அபுபக்கரின் காரணங்கள் கொஞ்சம் காரமானவை. 'அட்டாக், இடது ஓரம்: கெமிஸ்ட்ரி கருத்தையா. மணி அடிக்குமுன் வாசலைத் தாண்டிவிடுவார். டிபன்ஸ், நடு: பிசிக்ஸ் சீனிச்சாமி. அசைய வேண்டாம், தொப்பை பார்த்துக்கொள்ளும். கோல்கீப்பர்: பிரின்ஸிபால். எதைச் சொன்னாலும் உள்ளே போகாது.'

அந்த சீனிச்சாமியின் மேஜையில்தான் மொத்த வகுப்பின் ரெக்கார்டும் இரண்டு வாரமாகக் கையெழுத்தாகாமல் கிடந்தது. மார்க் போடுவதில் மகா கறார். இருபதுக்குப் பன்னிரண்டைத் தாண்டி எவனும் வாங்கியதில்லை. கையெழுத்து இல்லையென்றால் பிராக்டிகல் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லையென்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாப்பாவின் செருப்புக்கடையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க அடுத்தவன் கால் அளவு பார்க்க வேண்டியதுதான்.

முதலில் அட்டெண்டர் மலைச்சாமியைப் பிடித்தான். "அண்ணே, என் நோட்டை மட்டும் செத்த நேரம் எடுத்துத் தாங்க."

போன வேகத்தில் மலைச்சாமி திரும்பினார். "எதுக்குன்னு சார் கேக்காவ. உங்களையே வரச் சொல்லுதாவ."

உள்ளே போனான். "கிராஃபுல ஒரு சின்ன தப்பு சார். திருத்திட்டு..."

சீனிச்சாமி முகம் மலர்ந்தது. "தப்பைத் தானா வந்து ஒத்துக்கிட்ட மொத பய நீதாம்ல. கருத்தையா, இங்கன வாரும்யா, இந்தப் பயலைப் பாரும்!"

கருத்தையாவும் வந்துவிட்டார். நோட்டு திறந்தது.

"சார், அது... பொன்னுராஜ் ஒட்டுனது சார்."

"அப்ப அவனையும் கூப்பிடு."

பொன்னுராஜ் வந்து நின்றதும், "எழுத்து இவனோடது சார்" என்றான், அரிச்சந்திரன் மாதிரி.

இரண்டு வாத்தியார்களும் தாளை மேலிருந்து கீழே வாசித்தார்கள். கருத்தையாவின் மீசை துடித்தது. அபுபக்கருக்குச் செருப்புக்கடைத் தோல் வாசம் இப்போதே மூக்கில் ஏறியது.

"பகடை யாருட்டலே இருக்கு?" என்றார் சீனிச்சாமி, மெதுவாக.

அபுபக்கர் சட்டைப்பையிலிருந்து இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தான்.

"ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஏதோ டிராயர் இழுபடும் சத்தம். 'டி.சி. எழுதுறாரு' என்று முணுமுணுத்தான் பொன்னுராஜ்.

கால் மணி நேரத்தில் மலைச்சாமி வெளியே வந்தார். கை நிறைய ரெக்கார்டு நோட்டுகள். அபுபக்கரின் நோட்டில் கையெழுத்து இருந்தது. இருபதுக்கு ஒன்பது.

"அண்ணே, சார் எங்களை ஒண்ணும் சொல்லலையா?"

"அவிய என்னத்தைச் சொல்ல?" என்றார் மலைச்சாமி. "ஸ்டாஃப் ரூம்ல உங்க பேரையெல்லாம் வச்சு மூணு வருசமா இதே ஆட்டந்தான் தம்பி. பகடை தொலைஞ்சு, ரெண்டு வாரமா ஒருத்தனுக்கும் உருட்டி மார்க் போட ஏலாம முழிச்சிட்டுல்லா கெடந்தாவ!"