பதினாறு எழுத்து வண்டி

படிக்காதவர் செய்யும் தப்பு வெறும் தப்பாகவே இருக்கும். படித்தவன் தப்பு செய்தால் அதற்கு ஒரு ஃபைல் இருக்கும், ஃபைலுக்கு ஒரு எண் இருக்கும், ஓரத்தில் கலர் கலராகச் சீட்டு ஒட்டியிருக்கும். என் ஃபைலில் பதினான்கு சீட்டுகள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். (எங்கள் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்தான், சத்துணவுக்கூடத்தில் விறகு இறக்க.) முத்தையாபுரத்தில் வீடு, அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. கடல் உயிரியலில் பட்டம் வாங்கிய கையோடு, ஊரில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு 'ஒப்பந்தத் திட்ட உதவியாளர்' வேலை கிடைத்தது. "எம் மவன் கவர்மெண்டு ஆபீசரு" என்று அப்பா உப்பளத்தில் சொல்லிவிட்டார். ஒப்பந்தம், திட்டம், உதவியாளர் மூன்றும் வீட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டன.

அந்த நிலையத்தில் ஒரு வண்டி இருந்தது. தரையிலும் ஓடும், கடலிலும் மிதக்கும். ஆறு சக்கரம், பின்னால் காற்றாடி, அடித்தளத்தில் ஒரு கண்ணாடிச் சன்னல். ஆழமில்லாத கடலில் மிதந்துகொண்டே கீழே சிப்பியையும் கடற்புல்லையும் எண்ணலாம். எஸ்தர் மேடம் பல வருடம் கடிதம் எழுதி எழுதி வாங்கிய வண்டி அது. மேடம் நாசரேத்துக்காரர், என் மேலதிகாரி, கோபம் வந்தால் குரல் குறைகிறவர். வண்டிக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆமை'.

ஆமைக்கு ஒரே குறை, பதிவு எண் கிடையாது. போக்குவரத்து ஆபீசில், "பின்னால காத்தாடி இருக்குல்லா? இது படகு. இது படகுதான்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். படகுப் பதிவு ஆபீசில், "சக்கரம் இருக்குல்லா? இது வண்டி. இது வண்டி இல்லைன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார்கள். இருவரும் எழுதித் தரவில்லை. எட்டு மாதம் தற்காலிக எண்ணிலேயே ஆமை உப்புக்காற்றில் நின்று துருப்பிடித்தது.

கடைசியில் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதிவாகாவிட்டால் வண்டி வேறு கடற்கரைக்கு அனுப்பப்படும். வண்டி போனால் திட்டம் போகும். திட்டம் போனால் நான் போவேன். உப்பளத்தில் ஓர் ஆபீசர் குறைவார்.

நான் போக்குவரத்து ஆபீசுக்கு ஒன்பது முறை நடந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டருக்கு என்னைப் பார்த்துப் பார்த்தே சலித்துவிட்டது. "சரி தம்பி, வெள்ளிக்கிழமை கொண்டாங்க, வண்டியாவே பதிஞ்சிருவோம். ஆனா துருவோட வரப்படாது. நல்லா பெயிண்ட் அடிச்சுக் கொண்டாங்க."

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பெயிண்ட் அடிக்கப் பத்து நாள் என்றார்கள். என்னிடம் இருந்ததோ மூன்று நாள். அப்போதுதான் என் படித்த மூளை வேலை செய்தது. கடலில் போகிற சாமானுக்குப் படகுக்காரர்தானே பெயிண்ட் அடிக்க வேண்டும்? டிரைவர் சுடலை அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஆமையைத் திரேஸ்புரத்துக்கு ஓட்டிப் போனேன். அங்கே மிக்கேல் அண்ணாச்சி வள்ளங்களுக்குப் பெயிண்ட் அடிப்பதில் பேர் போனவர். அவர் ஆமையைச் சுற்றி ஒரு சுற்று வந்தார்.

"தம்பி, இது கடலுக்குப் போவுமா?"

"போகும் அண்ணாச்சி. ஒரு ஓட்டை, ஒரு கீறல் இருக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி வேணும்." (இந்த வாக்கியத்தை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. இதைப் பதிவு செய்கிறேன்.)

"அதெல்லாம் நீங்க சொல்லணுமா? போயிட்டு வாங்க."

வியாழக்கிழமை மாலை போய்ப் பார்த்தேன். ஆமை பளபளவென்று நின்றது. நீலம், வெள்ளை, நடுவில் சிவப்புப் பட்டை. மூக்கில் கொட்டை எழுத்தில் 'மாதா துணை'.

"அண்ணாச்சி, இது அரசாங்க வண்டி!"

"இருக்கட்டுமே. அரசாங்கத்துக்குத் துணை வேண்டாமா? பேர் இல்லாம ஒரு படகை நான் இதுவரைக்கும் கரையை விட்டு அனுப்புனதில்ல, பாத்துக்கிடுங்க."

எஸ்தர் மேடம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "எங்க சபையில மாதாவைக் கும்பிடுறதே இல்ல. எங்க ஊர் சர்ச் ஐயர் இதைப் பாத்தா என்னை என்ன நினைப்பாரு? சரி, முதல்ல பதிவு ஆகட்டும், பொறவு அழிச்சுக்கலாம்."

வெள்ளிக்கிழமை. அப்பா வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஃபைலும் கையுமாகப் போக்குவரத்து ஆபீஸ் மைதானத்தில் நின்றேன். இன்ஸ்பெக்டர் பதினான்கு சீட்டையும் புரட்டினார். எல்லாம் சரி. பிறகு ஒரு வெள்ளைத்தாளையும் பென்சிலையும் நீட்டினார்.

"சேசிஸ் நம்பர் பிரிண்ட் எடுத்துக் குடுங்க."

எனக்குப் புரியவில்லை. வண்டியின் இரும்பில் பதினேழு எழுத்தும் எண்ணும் குத்தியிருப்பார்களாம். அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலைத் தேய்த்தால் தாளில் அது பதிந்து வரும். அதை இன்வாய்ஸில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். இது லோடு ஆட்டோ ஓட்டுகிறவருக்கெல்லாம் தெரிந்த விஷயம். நான் படித்த விதிப் புத்தகத்தில் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை, அல்லது அந்தப் பக்கத்தில் நான் சீட்டு ஒட்டவில்லை.

"முன்னாடி வலது சக்கரத்துக்கு மேல இருக்கும்" என்றார் சுடலை அண்ணன். குனிந்து தடவினேன். குழந்தையின் கன்னம் மாதிரி வழுவழுப்பு.

மிக்கேல் அண்ணாச்சிக்கு போன் போட்டேன். "அண்ணாச்சி, சக்கரத்துக்கு மேல நம்பர் இருந்துச்சா?"

"நம்பரா? நம்பர் ஒண்ணும் இல்லியே. எவனோ ஆணியை வச்சு வரிசையாக் கொத்தி வச்சிருந்தான். கடலுக்குப் போற சாமானை இப்படியா பண்ணுவானுவ? ஒவ்வொண்ணா குங்கிலியத்தை உருக்கி வச்சு அடைச்சேன் தம்பி. பாதி நாள் அதுக்கே போச்சு. கடைசில ஒண்ணு மட்டும் மேடா நின்னுச்சு, அதை மிஷினைப் போட்டுத் தேய்ச்சே எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"நீங்கதான கண்ணாடி மாதிரி கேட்டிய!"

நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். சாவியால் சுரண்டினேன். சில்லறைக் காசால் சுரண்டினேன். மாதிரிப் பெட்டியில் கிடந்த முத்துச்சிப்பி ஓட்டால்கூடச் சுரண்டினேன். நீலம் போனால் வெள்ளை வந்தது, வெள்ளை போனால் ஏதோ பழுப்பு. வெள்ளைச் சட்டை நீலமாயிற்று. அந்த நேரம் பார்த்து மைதானத்தின் வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அப்பாவும், உப்பளத்துக் கூட்டாளிகள் இருவரும் இறங்கினார்கள். மகனின் அரசாங்க வண்டிக்கு நம்பர் வாங்குவதைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

வண்டிக்கு வெளியே நீட்டியிருந்த என் கால்களை அப்பா அடையாளம் கண்டுவிட்டார். (செருப்பும் அவர் வாங்கிக் கொடுத்ததுதான்.)

"ஏலே, ஆபீசரு ஏன் அடியில கெடக்கான்?"

கூட்டாளிகளில் ஒருவர், "செக்கிங் பண்ணுதான்யா, பெரிய வேலைலா" என்றார். அவர் வாழ்க.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னேன். "நம்பர் வரலைன்னா வண்டி போயிரும்ப்பா. வேலையும் போயிரும்."

அப்பா அந்த இடத்தை மோந்து பார்த்தார். "குங்கிலியமா? அதைச் சுரண்டிக்கிட்டா கெடப்பாவ? சூடு பட்டா இளகிராது?" எதிரிலிருந்த டீக்கடைக்குப் போய்க் கொதிக்கக் கொதிக்க ஒரு கெட்டில் வெந்நீரோடு வந்தார். ஊற்ற ஊற்றப் பழுப்பு இளகியது. கூட்டாளியின் அரைஞாணில் தொங்கிய ஊக்கால் ஒவ்வொரு குழியாக நோண்டினார். என் கையெல்லாம் பெயிண்டாக இருந்ததால் தாளையும் பென்சிலையும் அவரே வாங்கிக்கொண்டார்.

தாளில் பென்சிலைத் தேய்த்தார். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஓர் எழுத்து எழும்பி வந்தது. அடுத்து இன்னொன்று. அப்பா தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

"ஏலே," என்றார் மெதுவாக, "எனக்கும் எழுத்து வருதுல."

மைதானத்தில் யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் பதினாறுதான் வந்தது. பதினேழாவது இடத்தில் கண்ணாடி. நான் கேட்ட கண்ணாடி.

"பேப்பர்ல கடைசி இடத்துல எட்டுன்னு இருக்கு, வண்டில அந்த இடத்துல ஒண்ணுமே இல்லியே. நான் எதோட ஒப்பிடுறது? பதிய முடியாது தம்பி" என்றார் இன்ஸ்பெக்டர். எங்களைப் பார்க்க அவருக்கே சங்கடமாக இருந்தது. உள்ளே போய், காரணத்தை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டு நீட்டினார். சுடலை அண்ணன் ஆமையை நிலையத்துக்குத் திருப்பினார்.

மேடத்தின் மேசையில் கடிதத்தை வைத்துவிட்டு, ராஜினாமாவை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மேடம் கடிதத்தை ஒருமுறை படித்தார். மறுபடியும் சத்தமாகப் படித்தார்.

"'முழுமையான சேசிஸ் எண் இல்லாத காரணத்தால் இதனை மோட்டார் வாகனமாகக் கருத இயலாது.' தம்பி, என்ன எழுதியிருக்காருன்னு புரியுதா? இது வண்டி இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாரு!"

எட்டு மாதமாகப் படகு ஆபீஸ் கேட்ட கடிதம் அதுதான்.

அன்று மாலை ஐந்து மணிக்குள் ஆமை படகாகப் பதிவாகிவிட்டது. விண்ணப்பத்தில் 'படகின் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிகாரி வெளியே வந்து மூக்கைப் பார்த்தார். உள்ளே போய் 'மாதா துணை' என்று எழுதிக்கொண்டார். பதிவான பெயரை இனி அழிக்கக் கூடாதாம். நாசரேத்து எஸ்தர் மேடம் நான்கு வருடம் அந்தப் பெயருக்குக் கீழே உட்கார்ந்துதான் சிப்பி எண்ணினார். சாலையில் ஏற முடியாததால் நிலையத்தின் வளாகத்திலிருந்து சரிவு வழியாக நேரே கடலுக்குள் இறங்கும். உள்ளே இறங்கும்போது ஆறு சக்கரமும் ஈரமணலில் போடும் தடம் இப்போதும் என் கண்ணில் இருக்கிறது. அலை வந்து அழிக்கும்வரை அது ஏதோ பெரிய ஆமை கரையேறிப் போன தடம் மாதிரியே இருக்கும்.

பிறகு அடித்தகடு ஓட்டையானதால் ஆமையைக் கழித்துக் கட்டினார்கள். ஏலத்தில் எடுத்தது மிக்கேல் அண்ணாச்சியின் மச்சான். இன்று அது திரேஸ்புரம் கரையில் சக்கரம் புதைய நிற்கிறது, உள்ளே வலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் வலது சக்கரத்துக்கு மேலே தடவிப் பார்க்காமல் வரமாட்டேன். குழிகள் அப்படியே இருக்கின்றன. அண்ணாச்சி என்னைக் கண்டால், "அடைச்சிரவா தம்பி?" என்று தூரத்திலிருந்தே கேட்பார்.

அந்தப் பென்சில் தாளை இன்ஸ்பெக்டரிடமிருந்து அப்பா கேட்டு வாங்கி வந்திருந்தார். என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்தில், எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இரண்டையும் காட்டுவார். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களுக்கும் காட்டினார்.

"அது அவன் படிச்சு வாங்குனது. இது நான் எழுதுனது. இதுல ஒரு எழுத்து குறையும்." கொஞ்சம் நிறுத்தி, என் பக்கம் கையைக் காட்டுவார். "அது அவன் வேலை."