மஞ்சள் ஐயாவின் சிவப்புச் சாபம்

பழைய பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து மஞ்சள் ஐயா கடை விரித்த மூன்றே மாதத்தில், அந்தத் தெருவில் சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லாமல் போயிற்று. பிறந்த பிள்ளை மஞ்சள் பூத்துச் சாகிறதா? தாய் வயிற்றில் சாபம்! கண்டுபிடிப்பதும் ஐயா, கழிப்பதும் ஐயா. பூட்டும் சாவியும் ஒரே ஆள் கையில். இப்படி ஒரு தொழில் யாருக்கு வாய்க்கும்?

வரிசையில் சலவைக்கடைக்காரியும் நின்றாள், ஐந்து மாத வயிற்றோடு. மூத்தவள் பிறந்தபோது ஒரு குறையும் இல்லை. இரண்டாமவன் பிறந்த அன்றே மஞ்சளாகி, மூன்றாம் நாள் போய்விட்டான். "பெத்தவ கண்ணு பொல்லாத கண்ணு" என்ற வாய்கள் இன்னும் மூடவில்லை. பாதி அவளே நம்பிவிட்டாள். கண்ணாடி பார்ப்பதையே விட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் என்னவோ தெளிவாகத்தான் சொன்னாள்.

"உன் ரத்தம் நெகட்டிவ். உன் வீட்டுக்காரர் பாசிட்டிவ். மூத்தவளுக்கு அப்பா ரத்தம். பிரசவத்துல அது கொஞ்சம் உன் உடம்புல கலந்திருக்கு. உன் உடம்பு அதை எதிரின்னு நினைச்சு அழிக்கப் பழகிடுச்சு. சின்னவனுக்கும் அதே ரத்தம், அதான் உடைச்சிருச்சு. முதல் பிரசவத்தப்பவே ஒரு ஊசி போட்டிருந்தா இந்த வம்பே இல்ல. இனிமே விடாம வந்து பாரு."

"ரத்தத்துல கூட்டல் கழித்தலா? நல்லா இருக்கே கதை!" என்று மருமகளை இங்கே இழுத்து வந்துவிட்டாள் மாமியார்.

ஐயா முதலில் சட்டம் சொன்னார். "ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக் கூடாது. ஊசி பட்டா சாபம் சீறும்."

பிறகு மஞ்சளில் முக்கிக் காயவைத்த துணி ஒன்றை அவள் வயிற்றின் மேல் போர்த்தி, செம்பிலிருந்து தீர்த்தம் தெளித்தார். துணி குப்பென்று சிவந்தது. கூட்டம் "ஐயோ!" என்றது. மாமியார் வாயில் அடித்துக்கொண்டாள்.

சலவைக்கடைக்காரி குனிந்து பார்த்தாள். விரலால் துணியைத் தொட்டாள். வழுவழுவென்றிருந்தது. இந்த வழுவழுப்பு தெரிந்ததாயிற்றே! இந்தச் சிவப்பும்தான். மஞ்சள் கறை பட்ட சட்டையைச் சலவைச் சோடாத் தண்ணீரில் போட்டால் தினம் தினம் பார்க்கிற சிவப்பு.

"ஐயா, அந்தச் செம்பைக் கொஞ்சம் குடுங்க."

"தொடாதே! தீர்த்தம்!"

"சலவைச் சோடாவுல இருபது வருஷமா ஊறின கைங்க இது. ஒண்ணும் ஆகாது."

அவர் சுதாரிப்பதற்குள் பக்கத்து அடுக்கிலிருந்து வேறொரு மஞ்சள் துணியை உருவி, அவருடைய நாற்காலியில் விரித்துச் செம்பைக் கவிழ்த்தாள். செக்கச் சிவந்தது.

"இப்பச் சொல்லுங்க. நாற்காலிக்கு எத்தனை மாசம்?"

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "சாபம் கழிஞ்சாச்சு" என்று ஐயா முடித்து அனுப்புகிறவர்களின் துணியில் தெளிக்கத் தனியாக இன்னொரு செம்பு உண்டு. அதையும் எடுத்து இன்னொரு மஞ்சள் துணியில் ஊற்றினாள். அந்தத் துணி மஞ்சளாகவே கிடந்தது.

"இது வெறும் குழாய்த் தண்ணி. போதுமா அத்தை?"

"நம்பிக்கை இல்லாதவ கை பட்டா சக்தி விலகிடும்!" என்று கத்தினார் ஐயா. சக்தியோடு சேர்ந்து அவரும் விலகினார். பட்டறைக்குப் பின்வாசல் எதற்கென்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது.

மறுநாளே அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாமியாரும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். மாதங்கள் சும்மா போகவில்லை. பரிசோதனை, பயம், மறுபடி பரிசோதனை. தேதிக்கு முன்னமே பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. அதுவும் பிறந்த அன்றே மஞ்சளாயிற்று. நீல விளக்கின் கீழ் படுக்கவைத்து, ரத்தத்தையும் மாற்றினார்கள். அந்த இரண்டு நாளும் அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை வீறிட்டு அழுதது, அவளும் அழுதாள்.

"யாரு பெத்த பிள்ளையோ, ரத்தம் குடுத்திருக்கு. நல்லா இருக்கட்டும்" என்றாள் மாமியார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஜனங்களை லேசில் எடைபோட முடியுமா? மாதம் திரும்புவதற்குள் சலவைக்கடை வாசலில் மூன்று கர்ப்பிணிகள், தட்டில் பழங்களோடு.

"அக்கா, உங்க கைராசி பெரிய கைராசியாம். எங்க வயித்தை ஒரு தடவை தொட்டு விடுங்க."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தொடறேன். எங்க தொடணுமோ அங்க தொடறேன்" என்று மூவர் நெற்றியிலும் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "இந்த மண்டைக்குள்ள ஒண்ணு இருக்குல்ல? அது ரத்தவகை பார்க்கப் போன்னு சொல்லும். அது சொல்றதைக் கேளுங்க!"