பாங்காக் மாப்பிள்ளை விஷயமாக ஒரு விளக்கம்

சிவமயம்

அரிமளம்,
புதன்கிழமை காலை, பலகாரம் சாப்பிடுமுன்

அன்பு மகள் அர்ச்சனாவுக்கு,

பெரியப்பா அண்ணாமலை ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மா முத்தாளும், என்னுடைய ரத்தக்கொதிப்பு ஒன்று நீங்கலாக, நலமாக இருக்கிறோம். சென்னையில் உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதோடு நான் போனில் பேசினால், அடுத்த அறையில் இருந்துகொண்டு உன் பெரியம்மா ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பா லக்ஷ்மணன் உனக்காக முடிவு செய்து வைத்திருக்கிறானே ஒரு பாங்காக் மாப்பிள்ளை, அவர் இல்லை. இல்லை என்றால், வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது என்றோ சாதகம் பொருந்தவில்லை என்றோ நினைத்துவிடாதே. ஆளே இல்லை. அவர் ஒரு தாய்லாந்துத் தொலைக்காட்சித் தொடரில் வருகிறவர். அதிலும் அவர் ஆசைப்படுவது இன்னொரு பையன் மேல். இந்த நாலு வரியை எழுதிவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். இனி வரிசையாகச் சொல்கிறேன், கோபப்படாமல் படி.

எல்லாம் உமாவால் வந்தது. என் மகளாச்சே என்று மறைக்க மாட்டேன். போன பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வந்தவள் சுவர் அகலத்துக்கு ஒரு டிவியை மாட்டி, "அப்பா, உலகத்துல இருக்கிற எல்லாம் இதுல வரும், சும்மா அமுக்கிப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் இப்படியா சொல்வது? காலேஜ் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவன் நான், ஒரு பைலைத் திறந்தால் முடிக்காமல் மூடிப் பழக்கமில்லை. அமுக்கினேன். கொரியாவில் இரண்டு பையன்கள் நூடுல்ஸ் செய்துகொண்டிருந்தார்கள். சமையல் நிகழ்ச்சியாக்கும் என்று உன் பெரியம்மாவையும் கூப்பிட்டேன். அவளும் "வெங்காயத்தை இப்புடியா நறுக்குறது"ன்னு குறை சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தன் இன்னொருத்தன் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டான். துடைத்த கையை எடுக்கவில்லை. இது சமையல் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெரியம்மா குழம்பு அடிப்பிடிக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். நானும் எழுந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்று பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டான். போனானா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு எப்படி இறங்கும்? பார்த்தேன். போகவில்லை. அப்புறம்தான் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து நான் ஒரு நாட்டையும் விடவில்லை. என் அபிப்பிராயத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். கொரியாக்காரர்கள் எடுப்பது துடைத்துவைத்த மாதிரி இருக்கும், ஆனால் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஒரு மழை, ஒரு குடை, ஒரு பார்வை, வணக்கம். ஜப்பான்காரர்கள் வாயையே திறக்க மாட்டார்கள். பிடித்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல ஒரு பையன் வாரக்கணக்கில் யோசித்தான். நான் சோபா நுனிக்கு வந்து "சொல்லித் தொலைடா"ன்னு கத்தினதில், தெருவில் போன கீரைக்காரம்மா "என்னையவா கூப்பிட்டீங்க?"ன்னு கூடையை இறக்கிவிட்டது, வாங்க வேண்டியதாகிவிட்டது. சீனாக்காரர்கள் இரண்டு பேரையும் வாளும் கையுமாக மலை உச்சியில் நிறுத்திவைத்து, கடைசிவரை உற்ற நண்பர்கள் என்றே சாதிப்பார்கள். எனக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள், ஒருத்தனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தைவானில் ஒன்று எடுத்திருக்கிறார்கள், அதில் இரண்டு பேரும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியாக வளர்கிறார்கள். எனக்குப் பகீர் என்றது. ஒரே கோயில்காரர்கள் பங்காளிகள், பங்காளிக்குள் கல்யாணப் பேச்சே கிடையாது என்று வளர்ந்தவனில்லையா நான்? பிள்ளை கூட்டிக்கொண்டு வந்த பையன், அதாவது முறைப்படி தத்தெடுத்தவன் என்றால், கூட்டின வீட்டுக் கோயில்தானே அவனுக்கும்? இரண்டு நாள் இதே கவலை. முறைப்படி கூட்டவில்லை, சும்மா எடுத்து வளர்த்ததுதான் என்று அடுத்த பகுதியில் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது. தைவான்காரன் எவனும் இதற்குக் கவலைப்பட்டிருக்க மாட்டான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தாய்லாந்துதான். குறை இல்லாமல் இல்லை. அங்கே எல்லாப் பையன்களும் இன்ஜினீயரிங் படிக்கிறார்கள், ஒருத்தனும் வகுப்புக்குப் போவதில்லை. இவர்களுக்கு ஹால் டிக்கெட் எப்படிக் கொடுப்பார்கள் என்றுதான் எனக்குக் கவலை. தேம்பி அழுதுகொண்டிருக்கிறவன் திடீரென்று முகத்துக்கு கிரீம் தடவுவான், டப்பாவை நமக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைப்பான், மறுபடியும் அழுவான். ஆனால் மனசு இருக்கிறது, அர்ச்சனா. ஒருத்தன் இன்னொருத்தனிடம் கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பத்தாவது பகுதி வரை சிரிக்கவைத்துவிட்டு, பதினோராவதில் பிரித்துவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்று தெரியும், இருந்தும் ஒவ்வொரு தடவையும் படபடப்புதான். "என்ன கவலை உங்களுக்கு?"ன்னு டாக்டர் கேட்டாரு. என்னத்தைச் சொல்றது?

இதையெல்லாம் பேச ஊரில் எனக்கு ஆள் கிடையாது. அந்த நிலைமையில்தான் ராயவரத்தில் நடந்த அறுபது வயதுச் சாந்திக் கல்யாணத்தில் பந்தியில் உன் அப்பா எனக்குப் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தான். முந்தின நாள்தான் நான் பதினோராவது பகுதி பார்த்திருந்தேன். "மனசு பூரா அந்தப் பையன் நெனப்பாவே இருக்குப்பா"ன்னு தன்னால வாயில வந்துருச்சு.

"எந்தப் பையண்ணே?"

"பாங்காக்குல இருக்கானே, இன்ஜினீயரிங் பையன்."

வேறு யாரிடமாவது இதைச் சொல்லியிருந்தால், எந்த பாங்காக், எந்தப் பையன் என்று கேட்டிருப்பார்கள். நம் ஆட்களில் வீட்டுக்கு ஒருத்தராவது ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்திருக்கிறார். பாங்காக் பையன் என்றால் இன்னும் சாதகம் வந்து சேராத பையன், அவ்வளவுதான். உன் அப்பா கையிலிருந்த பணியாரத்தை இலையில் வைத்தான்.

"குடும்பம் எப்படிண்ணே?"

"பெரிய வியாபாரக் குடும்பம்ப்பா. ஓட்டல்லாம் வச்சிருக்காக. ஒரே பையன்."

"பழக்கவழக்கம்?"

"தங்கம். சிகரெட்டு கிடையாது. நல்லாச் சமைப்பான். பொம்பளைப் பிள்ளைகளை ஏறெடுத்தும் பாக்க மாட்டான்."

உன் அப்பாவுக்குக் கண் பனித்துவிட்டது. "நம்ம கோயில் இல்லையே?"ன்னு கேட்டான். வேறு கோயில் என்றேன். முந்தின நாள்தான் அந்தப் பையன் கையில் தாமரை மொட்டோடு புத்தர் முன்னால் நின்றதைப் பார்த்திருந்தேன். "இன்னும் எதுவும் முடிவாகலையே?"ன்னு கேட்டான். "எங்க ஆகுது? ஆத்தாக்காரிதான் முரண்டு பண்ணுது. எறங்கி வந்துரும்னு நெனைக்கிறேன்"னு சொன்னேன். இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறானே, இவனும் பார்க்கிறான் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சொந்தப் பங்காளியிலேயே எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்று, எச்சில் கையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் போன் வந்தது. "அண்ணே, கோனாபட்டு வரனை வேணாம்னு சொல்லிட்டேன்." எதுக்குப்பா என்றேன். "பாங்காக் இருக்கையில கோனாபட்டு எதுக்கு?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. "லக்ஷ்மணா, அது டிவியில..."ன்னு ஆரம்பிச்சேன். "டிவி, பிரிட்ஜு எல்லாம் நம்ம செலவுண்ணே, அதை நீங்க சொல்லவே வேணாம்"னுட்டான். உன் அப்பா பேச ஆரம்பித்தால் நடுவில் நுழைய யாராலும் முடியாது, உனக்கே தெரியும். பிறகு அவன் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பிள்ளைக்கு இருபத்தொன்பது முடியப் போகுதுண்ணே. பங்காளிக ஒருத்தரும் ஒரு எடம் சொல்லலை. நான் கேக்காமலே நீங்க சொன்னீங்க பாருங்க"ன்னு சொல்லி அழுதுட்டான். அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. அந்த அழுகைக்கு நடுவில் போய், அது நாடகம்ப்பா, பையனுக்கு ஏற்கெனவே ஒரு பையன் இருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வேன்? சரிப்பா, சரிப்பா என்று வைத்துவிட்டேன். அதற்குள் புதுக்கோட்டையில் அவன் கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் கையால் பையனின் சாதகக் குறிப்பை வாங்கிப் போக அரிமளம் வருகிறான்.

உன் பெரியம்மாவிடம் யோசனை கேட்டேன். "அந்த நெட்டைப் பயலுக்கு நீங்களே ஒரு சாதகத்தை எழுதிக் குடுத்துருங்க, சுத்த சாதகமா எழுதுங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் அவனுக்கு எந்த நட்சத்திரம் பொருந்தும் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். அனுஷம் சரியாக வரும். அப்புறம் என்னையே எனக்குப் பயமாகிவிட்டது.

ஆகையால் அர்ச்சனா, நீதான் உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நீ சொன்னால் கேட்பான். கோனாபட்டுக்காரர்கள் இன்னும் வேறு இடம் முடிவு பண்ணவில்லை என்று விசாரித்துவிட்டேன். நீ சனிக்கிழமைக்குள் சொல்லிவிட்டால், நானே அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று, தப்பு என் மேல்தான் என்று சொல்லி அந்தச் சம்பந்தத்தைத் திரும்பப் பேசி முடிக்கிறேன். என்னால் உன் கல்யாணம் நின்றது என்று இருக்கக் கூடாது. அந்த நினைப்பில்தான் சோறும் தண்ணீரும் இறங்காமல் கிடக்கிறேன். கடைத்தெருவில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். இனி இந்தத் தொடர்களைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்று பிள்ளையார் முன்னால் சொல்லிவிட்டேன். ரிமோட்டை உன் பெரியம்மா அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டாள்.

உனக்கு நல்லதே நடக்க வேண்டும், இதைப் படித்த பிறகும் நீ என்னைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டும். நான் கடிதம் எழுதுவது தெரியாமலே உன் பெரியம்மாவும் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னதாக வைத்துக்கொள்.

கவலையுடன்,
பெரியப்பா
அண்ணாமலை

பி.கு.: கவரில் எழுத உன் பின்கோடு தெரியாமல், பெரியம்மா கடைக்குப் போன நேரம் பார்த்து இப்போது உனக்குப் போன் செய்தேன். பின்கோடை மட்டும் வாங்கிக்கொண்டு வைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். "ஏன் பெரியப்பா கொரல் நடுங்குது?"ன்னு நீ கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீ சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் வந்தது. "அப்பா சொன்ன அன்னைக்கே தெரியும் பெரியப்பா, நான் அதை ரெண்டு தடவை பாத்தவ"ன்னு சொன்ன பாரு, அப்போ எனக்குக் கோபம்கூட வந்துச்சு. தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். "அந்தப் பையன் இருக்கிற வரைக்கும் வேற மாப்பிள்ளை பாக்க மாட்டாங்கல்ல"ன்ன.

பிறகு நீ சொன்னதை நான் அப்படியே எழுதிவைக்கிறேன், சரியாகத்தான் கேட்டேனா என்று நீ பார்த்துச் சொல். "பொற்கொடி என்கூடத் தங்கியிருக்கிற பிள்ளைன்னுதான் வீட்ல சொல்லியிருக்கேன். அப்படி இல்லை பெரியப்பா. நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் வாழுறோம். நீங்க அந்தத் தொடர் பாக்குறீங்கன்னு தெரிஞ்சதுலேருந்து, உங்ககிட்ட மட்டுமாவது சொல்லிறலாமான்னு இருந்துச்சு."

அதற்கு நான், "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"ன்னு கேட்டேன். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு என் வாயில் அதுதான் வந்தது. நீ அழுதாய். தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனில் வராததை இதில் எழுதுகிறேன்: எனக்கு உன் மேல் வருத்தம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணை விசாரித்ததாகச் சொல்.

ஆகவே மேலே எழுதியதில், நலம் விசாரித்ததைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுக்காதே. அப்பாவிடம் எதுவும் சொல்லாதே, உனக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது சொல். நான் கோனாபட்டுக்குப் போகவில்லை. பெரியம்மாவுக்கும் நீ சொல்லுகிற அன்று தெரிந்தால் போதும். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. அரிசிப் பானையிலிருந்து ரிமோட்டையும் எடுத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பயல்களுக்கு என்ன ஆகும் என்று நான் பயந்தால், அடுத்த பகுதி வந்ததும் தெரிந்துவிடும். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன ஆகும் என்று எங்கே போய்ப் பார்ப்பது? அதனால் வாரா வாரம் எனக்குப் போன் செய். ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா வந்து கையை நீட்டினால் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ அதையெல்லாம் நினைத்துக் குழம்பாமல் தைரியமாக இரு. பயப்படுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.