இரண்டு தட்டும் ஒரு ஸ்பிண்டில் டேப்பும்

எனக்குப் பயப்படுவதுதான் முழுநேர வேலை. மில் வேலை அதற்கு இடையிடையே பார்த்தது. பஸ்ஸில் ஏறினால் பிரேக்கை நினைத்துப் பயப்படுவேன். இறங்கினால் குடையை விட்டுவிட்டேனோ என்று பயப்படுவேன் (குடையே கொண்டுபோயிருக்க மாட்டேன்). எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதுகூடப் பரீட்சைக்குப் பயந்துதான். இப்படிப்பட்டவனிடம் ஒரு சாமானைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை யாரும் விடக்கூடாது.

தொண்ணூறுகளின் நடுவில், விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லில் நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓட்டிக்கொண்டிருந்தேன். டேப் ரிக்கார்டர் வாங்கலாமென்று காயல்பட்டினம் போனேன். துபாய் ஓட்டல் ஒன்றின் ஆட்டக்கூடத்தில் பாட்டுப் போடும் வேலை பார்த்துத் திரும்பியிருந்த சாகுல் காக்கா, கொண்டுவந்த சாமான்களை வீட்டில் வைத்து விற்றார். மேசையில் இரண்டு தட்டு மெஷின், நடுவே ஒரு சின்னப் பெட்டி.

ஒரு தட்டில் ரிக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. காக்கா மற்றதில் இன்னொன்றை வைத்தார். ஹெட்போனை ஒரு காதில் அமுக்கிக்கொண்டு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையை எறும்பை நகர்த்துவதுபோல நகர்த்தினார். பிறகு நடுப்பெட்டியின் குமிழை அந்தப் பக்கம் தள்ளினார். பாட்டு மாறியிருந்தது. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. தாளம் ஒரு அடிகூடத் தவறவில்லை. பாபநாசத்துக்கு மேலே சேர்வலாறு பெரிய ஆற்றில் வந்து கலக்கிற இடத்தில் நின்று, எந்தத் தண்ணீர் எந்த ஆறு என்று தேடியவனுக்கு அந்தத் திகைப்பு புரியும். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன் (நிஜமாகவே).

டேப் ரிக்கார்டர் மறந்துபோனது. காக்காவிடம் தட்டு மெஷின் இரண்டு ஜோடி இருந்தன. ஒன்றில் மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும். மற்றதில் ரப்பர் பெல்ட்.

"வீட்டுல சும்மா ரெண்டு பாட்டை ஒட்டிப் பழகத்தானே தம்பி? பெல்ட் இல்லாததை எடுங்கோ. பெல்ட் இழுக்கும், ஒரு வேகத்துல நிக்காது."

"கரண்டு கூடிப்போச்சுன்னா தட்டு பறந்துவந்து கழுத்தை அறுத்துராதா காக்கா?"

"இதுவரைக்கும் யாரு கழுத்தும் போகலெ."

'இதுவரைக்கும்' என்ற ஒரு சொல் போதுமே எனக்கு. மில்லில் நாங்கள் அறிந்த நியாயம் இது: கோளாறு வந்தால் பெல்ட் அறுந்து மனுசனைக் காப்பாற்றும். தவிர, பெல்ட் இல்லாதது பொத்தானைத் தொட்டதும் பாய்ந்தது. பெல்ட் வைத்ததோ பைய, மரியாதையாகச் சுற்றத் தொடங்கியது. அந்த மரியாதையில் மயங்கி அதையே வாங்கினேன். காக்கா தலையில் அடித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

சித்திரை வெயிலில் ஒரு பெல்ட் தொங்கிப்போனது. பாட்டு, மேடேறும் மாட்டுவண்டியாக இழுத்தது. காக்கா முகத்தில் போய் முழிக்க வெட்கம். மில்லில் நூல் முறுக்கும் கதிர்களைச் சுழற்ற ஒரு பருத்தி நாடா ஓடும். ஸ்பிண்டில் டேப்பு என்போம். கழிவுப் பெட்டியில் கிடந்த ஒரு துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். கழிவானாலும் வெளியே கொண்டுபோனால் வேலை போய்விடும்.

கேட்டில் தடவிப் பார்க்கிற அண்ணாச்சி தோளில் கை வைத்தார். "ஏலே, என்ன இப்படி வேர்க்கு?"

"காய்ச்சல் அண்ணாச்சி. அம்மையோ என்னவோ."

சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் டேப்பின் இரு முனையையும் சேர்த்துத் தைத்து மாட்டினேன். தட்டு சுற்றியது. ஆனால் தையல் மோட்டாரில் ஏறும்போதெல்லாம் 'டொக்' என்றது.

அடுத்த ஞாயிறு காலை, பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். கோமுவை எனக்கு அதற்கு முன் ஒரே ஒரு தடவை கோயிலில், அவள் சித்தியோடு, காட்டியிருந்தார்கள். அவள் அப்பாவும் மில்லில்தான் என்று மட்டும் சொன்னார்கள். அன்றிலிருந்தே இவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று பயப்பட ஆரம்பித்திருந்தேன். இப்போது அவள் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். கேட்டு அண்ணாச்சி.

"மாமான்னு கூப்பிடுலே" என்று அம்மா விலாவில் குத்தினாள்.

"காய்ச்சல் தேவலையா?" என்றார் மாமா.

கூட வந்த அத்தை, கோமுவின் அம்மா, அதே மில்லில் அறுந்த இழைகளைச் சேர்த்து நூல் சுற்றுகிற வைண்டிங் பிரிவில் இருபது வருசமாக இருப்பவள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெஷினைப் போர்வையால் மூடியிருந்தேன். மூடிக் கிடப்பதைத் திறந்து பார்க்காமல் விடுகிற பழக்கம் மாமாவுக்கு ஏது?

"இது என்னது? ஓட்டிக் காட்டும்."

இரண்டு தட்டையும் ஓட்டினேன். இரண்டு தாளமும் ஆளுக்கொரு பக்கம் ஓடின. நடுவில் டொக், டொக்.

அத்தை காதைச் சாய்த்தாள். "உள்ள ஸ்பிண்டில் டேப்புலா ஓடுது. தையல் தடிப்பா இருக்கு, அதான் அடிக்கி."

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "மில்லு டேப்பா? எந்தக் கேட்டு வழியா கொண்டாந்தீரு வே?"

"மெயின் கேட்டுதான்."

"எவன் ஷிப்டுல?"

"உங்க ஷிப்டுதான் மாமா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வேலையும் போச்சு, கோமுவும் போச்சு. மெஷினை நிறுத்தக்கூட எனக்குக் கை எழவில்லை.

அத்தை எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. எழுந்து போய், முந்திப் போகிற தட்டின் விளிம்பில் ஒரு விரலை வைத்தாள். ஓடுகிற கதிரைத் தொடுவது மாதிரி, தொட்டும் தொடாமல். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவ்வளவுதான். குதிரைக் கூட்டம்போல ஓடிக்கொண்டிருந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன. டொக் என்ற சத்தம்கூட அதற்குள் எங்கோ போய் அடங்கியது. மூன்று மாதமாக எனக்கு வராதது. அவள் அப்படி ஒரு மெஷினை அன்றுதான் பார்க்கிறாள். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. மாமாவும் வாயைத் திறந்தபடி நின்றார்.

"இழை சேக்குத மாதிரிதான்" என்றாள் அத்தை. "ரெண்டும் ஒரே ஓட்டத்துல இருந்தா முடிச்சே தெரியாது."

மாமா தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு நான் ஆபீசுல எழுதிக் குடுக்கணும்."

"குடுங்க" என்றாள் அத்தை. "யாரு தடவிப் பாத்து வெளிய விட்டாவன்னும் சேத்து எழுதுங்க."

மாமா கீழே வைத்த டம்ளரை எடுத்து மீதிக் காபியைக் குடித்தார். பிறகு அம்மாவிடம், கல்யாணத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறுதோறும் அத்தை, மகளைப் பார்க்க வந்தாள். மகளிடம் ஐந்து நிமிஷம், மெஷினிடம் மூன்று மணி நேரம். எனக்கு இன்றுவரை ஒரு பாட்டும் சரியாக ஒட்டவில்லை. என் மகளிடம் பள்ளிக்கூடத்தில் வீட்டில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்களாம். கோமு இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

"ஆச்சி ரெண்டு பாட்டை ஒண்ணாக்குவா டீச்சர்" என்றதாம் பிள்ளை. "அப்பா பக்கத்துல நின்னு பயப்படுவாரு."